அரிசி களைந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா சோறுதான். அரிசி களைந்த தண்ணீரை நான் கொட்டமாட்டேன். அதில் பி1 விட்டமின் இருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வந்தவர்கள், புரியும்படி சொல்கிறேன். பாக்டீரியா தனக்கு வேண்டிய பி1ஐத் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்கான உத்தரவை ஜீனிலிருந்து கொண்டுவரும் இழைதான் ஆர்.என்.ஏ. வெளியிலேயே விட்டமின் கிடைத்துவிட்டால், அது அந்த இழையின் தலைப்பில் ஒட்டும். இழை மடங்கும். உத்தரவு நின்றுவிடும். இதைத்தான் சுவிட்ச் என்கிறோம். சும்மா கிடைக்கிற பண்டத்தை யாராவது மெனக்கெட்டுச் செய்வார்களா?

நுஸைபா கூத்தாநல்லூர்ப் பெண். தஞ்சாவூரில் என்னிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். கெட்டிக்காரி, அதுதான் வினை. ஒரு கருத்தரங்கில், பேராசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, என்னைக் கைகாட்டி, "கனகா மேடம் சுவிட்ச் இல்லன்னு எழுதின ஜீன்லயும் ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று ஒரு படத்தைக் காட்டினாள். அந்த ஜீனின் உத்தரவு ஓடினால் ஒளிரும்படி பாக்டீரியாவை மாற்றியிருந்தாள். விட்டமின் இல்லாத குழாயில் அது பச்சையாக ஒளிர்ந்தது. விட்டமின் போட்ட குழாய் இருண்டிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

மறுபடி செய்து காட்டினால்தான் பட்டம். அவள் தொழப் போகும் நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்த அரிசித் தண்ணீரை நுண்வடிகட்டியில் வடித்து, அவள் தயாரித்து வைத்த கரைசலில் சில சொட்டு விடுவேன். அப்புறம் இரண்டு குழாயும் இருட்டுதான். "என் கைதான் சரியில்லையா மேடம்?" என்று அழுவாள். "முதல்ல சாப்பிடும்மா" என்று என் டப்பாவைத் திறந்து கொடுப்பேன். பாவம், பசியோடு இருப்பாள்.

முதலில் காட்டிய படமே பொய் என்று பேச்சுக் கிளம்பியது. கிளப்பியது நான்தான். "பொய்னு ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடு, மன்னிச்சு விட்டுடுவாங்க" என்றேன். என்னை நம்பி எழுதிக் கொடுத்தாள். விலக்கிவிட்டார்கள். அழைத்துப்போக வந்த அவள் அத்தா மீரா சாகிப் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க பேரையும் கெடுத்துட்டா, மன்னிச்சுக்குங்கம்மா" என்று என்னிடம் கைகூப்பினார்.

இப்போது யார் கேட்டாலும் அந்தப் படத்தைத் தானே ஜோடித்ததாகச் சொல்கிறாளாம். அதை அவளே நம்பவும் ஆரம்பித்துவிட்டாளாம்.

அவள் விட்டுப்போன பாக்டீரியாவை எடுத்து, சொட்டு விடாமல் செய்து பார்த்தேன். பளிச்சென்று ஒளிர்ந்தது. என் பெயரில் கட்டுரையாக வெளியிட்டேன். திருட்டு என்கிறீர்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவ்வளவு கெட்ட பெயர் எடுத்த பெண்ணுக்கு வேறு யார் சொல்வார்கள்?