பத்து நாள் நோட்டு

நிம்மதியான தூக்கத்துக்கு ஜோகூர் பாருவில் ஒரு நாள் விலை அறுநூற்று எண்பது ரிங்கிட். அறை, சாப்பாடு, நர்ஸ் எல்லாம் சேர்த்து, டாக்டருக்குத் தனி. அதிகம் என்று சொல்ல மாட்டேன். தூங்காத பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள், மலிவு என்பார்கள்.

நான் குளுவாங் மார்க்கெட்டில் வளர்ந்தவன், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்பாவுக்கு டுரியான் கடை. பழம் சரியில்லை என்று ஒருவன் உதட்டைப் பிதுக்கினால் அப்பா சத்தியம் செய்ய மாட்டார், சண்டையும் போட மாட்டார். கத்தியால் ஒரு கீறல் போட்டு உள்ளே காட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது.

காப்புறுதி ஏஜெண்டாகப் பதினான்கு வருஷம் ஓட்டினேன். இப்போது, இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தவர்களுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதித் தருகிறேன். ஜெயித்தால் இருபது விழுக்காடு. தோற்றால் ஒரு காசு வாங்குவதில்லை.

பண்டார் தெங்காராவிலிருந்து கனகராஜ் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மகள் லோஷினி, இருபத்திரண்டு வயசு, மனநல வார்டில் ஒன்பது நாள் இருந்தாள். பில் பதினோராயிரத்து இருநூறு. கம்பெனி மறுத்துவிட்டது. வார்டில் சேர்க்கும் அளவுக்கு நோய் இல்லையாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டிருக்கலாமாம். டாக்டர் இன்னும் மூன்று வாரம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். கனகராஜ் கடன் வாங்கி பில்லைக் கட்டி, பிள்ளையை மாத்திரையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அந்தப் பணம் திரும்பினால்தான் மறுபடி வார்டு.

"இப்ப எப்படி இருக்கா?"

"பரவால்லண்ணே. நேத்து தோசை கேட்டா. சிரிச்சாகூட."

"அதான் கோளாறு. சிரிக்கிற புள்ளைக்கு வார்டு எதுக்குன்னு கேப்பான்லா."

கனகராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மகள் சிரித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பவர் மாதிரி இருந்தது.

"மாத்திரைய பத்து நாள் நிறுத்து. நடக்கிறத நாள் போட்டு ஒரு நோட்டுல எழுது. தினமும் மொத வரி, மாத்திரை குடுத்தேன்னு இருக்கணும்."

"நிறுத்தவே கூடாதுன்னாரேண்ணே டாக்டரு."

"பில்ல அவரா கட்டுவாரு?"

அந்த நோட்டுதான் உங்கள் மேசையில் இருப்பது. அழகான கையெழுத்து, பார்த்தீர்களா. தினமும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். மூன்றாம் நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் பெற்ற தாய் ராசம்மாவைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டிருக்கிறாள். நல்ல சரக்கு. ஒரே ஒரு வரியைத்தான் அடித்துவிடச் சொன்னேன்: 'இன்னைக்கும் மாத்திரை இல்லையாப்பான்னு கேட்டா.' மாத்திரையை அவளாகவே கேட்டாள் என்று தெரிந்தால், புத்தி தெளிவாகத்தானே இருக்கிறது என்பார்கள். தவிர, குட்டும் வெளிப்பட்டுவிடும்.

ஆறாம் நாள் கனகராஜ் போன் செய்தார்.

"அண்ணே, பாக்க முடியல. குடுத்துடவா?"

"நாலே நாளு, கனகு. ஆறு நாள் நோட்டுக்குக் கம்பெனிக்காரன் எவனும் மடங்க மாட்டான்."

ஏழாம் நாள் வரை எழுதியிருக்கிறார். எட்டாம் நாள் பக்கம் காலி. அன்று காலையில்தான் அவளைத் தோட்டத்துக் குளத்திலிருந்து எடுத்தார்கள்.

வேறொருவன் என்றால் அதோடு கோப்பை மூடியிருப்பான். எடுத்த வேலையை நான் பாதியில் விடுவதில்லை. நோட்டின் நகலோடு இறப்புச் சான்றிதழையும் இணைத்தேன். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதினேன்: 'வீட்டிலேயே பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தோம்.' வழக்கமாக இரண்டு மாதம் இழுப்பவர்கள் பத்தொன்பதே நாளில் முழுத்தொகையையும் அனுப்பிவிட்டார்கள். அப்பா இருந்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. கனகராஜ் சொன்னதைச் செய்தவர், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். வந்தது பதினோராயிரத்து இருநூறு. என் பங்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. சாவு விழுந்த வீடு என்று பாதிதான் எடுத்தேன். மீதி பத்தாயிரத்து எண்பது. காசோலை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, மூன்று முறை ஆள் அனுப்பியும் கனகராஜ் வரவில்லை. ஆறு மாதத்தில் அது செல்லாமல் போய்விடும். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. அடுத்தவர் வீட்டுப் பொருள் என்னிடம் பாக்கி நின்றால் எனக்குத் தூக்கம் வராது.