இரட்டை வலு

— ஒப்பு போட மாட்டேன்னு சொன்னேன்லா, பிரணவ் சார்? பேனாவ எத்தனை தடவை நீட்டினாலும் பதில் அதேதான்.

— ஆர்ஷா, சிம்பிள் விஷயம். நாளைக்குக் காத்தாலே சீரம் வெளியீடு. ஹோட்டல்ல ஹால் புக் பண்ணியாச்சு. பாட்டில் எல்லாம் ரொப்பியாச்சு. 'தோலின் ஸ்டெம் செல்களைக் காக்கும் இரட்டை வலு'ன்னு அட்டையும் அச்சாயிடுத்து. லேப்ல சோதனை பண்ணினவ நீ. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— அட்டைய அச்சடிச்சிட்டு சோதனை முடிவு கேக்குற கம்பெனிய இப்பதான் பாக்குதேன்.

— சட்டுனு முடி. நான் கோட்டைக்குள்ள ஆத்துக்குப் போகணும், அம்மா தனியா இருக்கா.

— சீவேலி ஊர்வலம் பாக்கக் கூட்டிட்டுப் போகவா? உங்க அம்மா தெனமும் கோயில்ல பிரகாரம் சுத்துவாங்கன்னு பெருமையாச் சொல்லுவீங்களே.

— இப்போ போறதில்ல. கால் சரியில்ல. அத விடு, விஷயத்துக்கு வா. முடிவு நன்னாத்தானே இருக்கு! நீயேதான் படம் போட்டுக் காட்டினே. சாயம் விட்டா ஸ்டெம் செல்லு மட்டும் பச்சையா மின்னும். செல்லு வளர்ற தட்டுல சீரம் விட்டா எப்படி மின்னித்து! விடாத தட்டுல அதுல பாதி கூட இல்ல. கேட்டியோ, பாதி கூட இல்ல!

— எண்ணிக்கை கூடினது உள்ளதுதான். ஏன் கூடிச்சுன்னு கேளுங்க. ஒரு வீட்டுல பிள்ளைகள் ஒண்ணும் வேலைக்குப் போகாம சோபாவுல சாஞ்சு கிடந்தா, வீடு நெறஞ்சுதான் தெரியும்.

— செல்லுக்கு என்னம்மா வேலை?

— தோலாகுற வேலை. மேல பழைய தோல் உதிர உதிர, அடியில கிடக்குற ஸ்டெம் செல்லு பெருகி, மேல ஏறி, புதுத் தோலாகணும். வெதை நெல்லு மாதிரி. மூட்டையிலயே கிடந்தா யாருக்கு ஆகும்? உங்க சீரத்துல அது மூட்டையிலதான் கிடக்கு. பாக்க இளமை, பச்சைப்பசேல்னு. ஆனா சரியான மடியன்.

— இத நீ எப்படிக் கண்டே? இந்தச் சோதனையில எண்ணறது மட்டும்தானே உனக்குக் குடுத்த வேலை?

— கோபத்துல கண்டேன்.

— எந்தா? கோபத்துலயா?

— போன வாரம் நான் தட்டுல சீரம் மாத்திட்டு இருக்கும்போ, போன் போட்டு 'எண்ணிட்டியா, எண்ணிட்டியா'ன்னு குடைஞ்சீங்கல்லா? ஸ்பீக்கர்ல உங்க குரலக் கேட்டு எனக்கு மண்டைக்கு ஏறிட்டு. கையில இருந்த, சீரம் விடுற பிப்பெட் முனை தட்டுக்குள்ள ஒரு இழு இழுத்திட்டு. செல்லு படிஞ்சிருந்த இடத்துல நேரா ஒரு கோடு.

— அப்போ தட்டக் கெடுத்திருக்கே. அத தூக்கிப் போட வேண்டாமோ?

— தூக்கிப் போடத்தான் எடுத்தேன். அப்பந்தான் தோணிச்சு, தோல்ல கீறல் விழுந்தா பக்கத்துச் செல்லு நகந்து வந்து மூடும், இது மூடுதான்னு பாப்போம்னு. சீரம் இல்லாத தட்டுலயும் அதே மாதிரி ஒரு இழு. அது வேணும்னே. மறுநாளு அதுல கோடு இருந்த தடயமே இல்ல. நம்ம சீரம் விட்டது? ஸ்மார்ட் ரோடு போடுதேன்னு வெட்டிப் போட்ட பள்ளம் மாதிரி வாயப் பொளந்து கிடக்கு.

— ஒரே ஒரு தட்ட வச்சுண்டு...

— புதுசு புதுசா வச்சு, திரும்பத் திரும்பக் கீறியாச்சு. ஒரு தடவையாவது உங்க சீரம் ஜெயிக்கும்னு எனக்கும் ஆசைதான். ஜெயிக்கல்ல.

— நம்ம சீரத்துல இருக்கற ஆன்டி ஆக்ஸிடன்ட் நல்லதுன்னு லோகம் பூரா சொல்றா. நெல்லிக்கா, மஞ்சள், க்ரீன் டீன்னு பைத்தியமா அலையறா. நீ ஒருத்தி வந்து கெட்டதுங்கறே.

— கெட்டதுன்னு யாரு சொன்னா? வெயிலும் புகையும் செல்லுக்குள்ள தீ வைக்கும். அத அணைக்கணும், செரிதான். ஆனா அடுப்புலயும் எரியுறது தீதானே? செல்லுக்கும் கொஞ்சம் பொறி வேணும். 'எழும்பு, போய்க் காயத்த மூடு'ன்னு சொல்லுறது அந்தப் பொறி. நீங்க ஃபயர் எஞ்சினக் கொண்டு வந்து அடுப்பையும் சேத்து அணச்சிட்டீங்க. இனி சோறு எப்படி வேகும்? மனசிலாச்சா?

— அப்போ ரெண்டு வருஷ உழைப்பு வேஸ்ட்டுங்கறே.

— இல்லவே இல்ல. நாலுல ஒரு பங்காக் குறைச்சுப் பாத்தேன். கீறலும் மூடிச்சு, யூவி வெளிச்சம் அடிச்சப்ப வெறும் தட்ட விட நல்லாத் தாக்குப் பிடிச்சுது. இது நல்ல சாமான் சார். கலக்கினவ நான், எனக்குத் தெரியாதா? உங்க இரட்டை ஆசைதான் அதக் கெடுக்குது. 'அளவான வலு'ன்னு அட்டைய மாத்துங்க, நின்ன நிப்புல ஒப்பு போடுதேன்.

— அளவான வலு! பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு. யார் வாங்குவா? பாரு ஆர்ஷா, நீ இன்னும் பர்மனன்ட் ஆகல்ல. நீ போடலேன்னா உன்கூட லேப்ல இருக்கற ரெம்யா போடுவா.

— ரெம்யாவுக்குத் தட்டக் காட்டியாச்சு. போயி கேட்டுப் பாருங்க. மிரட்டாண்டாம் சார். எங்க வீட்டுல காலேஜ் வாசல் கண்ட முத ஆளு நான். அட்டையில என் பேரு வந்தா, எங்க அப்பா நேசமணி அந்தப் பாட்டில சர்ச் வாசல்ல நின்னு ஊருக்கே காட்டுவாரு. எங்க அம்மா இருக்காளே தாசம்மாள், சந்தையில மரச்சீனிக் கிழங்கு வெட்டி விக்கிறவ, கையில வெட்டுக்காயம் இல்லாத நாளே கிடையாது. மக செஞ்ச மருந்துன்னு அதுல போயி இதத்தான் பூசுவா. அவ கை ஆறாண்டாமா?

— காயத்துக்குப் போடறதுக்கு இல்லேம்மா இது. முகத்துக்கு.

— அட்டையில 'முகத்துக்கு'ன்னா போட்டிருக்கு? 'தோலக் காக்கும்'னு கொட்டை எழுத்துல போட்டா, வீட்டுல யாருக்காவது புண்ணு வரும்போ கை அந்தப் பாட்டிலுக்குத்தானே போகும்? ... என்ன சார், பேனாவ மூடி வச்சிட்டீங்க?

— ஆர்ஷா.

— சொல்லுங்க.

— சீரத்த நிறுத்திட்டா, அந்தக் கீறல் மூடுமோ?

— கழுவி எடுத்து, சீரம் இல்லாம வச்சிருக்கேன். மெதுவா மூட ஆரம்பிச்சிருக்கு. ஏன், அதையும் அட்டையில போடப் போறீங்களா?

— இல்ல. அம்மாவுக்குக் கேக்கறேன். பிரகாரத்துக் கல்லு வெயில்ல கொதிச்சு, உள்ளங்கால்ல கொப்புளம். ஒடஞ்சு புண்ணாயிடுத்து.

— கர்த்தாவே! அதுல இதையா பூசுனீங்க?

— வேற யாரு, நான்தான். அவ கால மடியில வச்சுண்டு, தெனமும். ஆறவே மாட்டேங்கறதேன்னு, நேத்திலேர்ந்து ரெண்டு வேளையா ஆக்கியிருக்கேன்.