நகர்ந்த மலை

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல நம்ம மலையே நகந்து போச்சு புள்ள" என்றார் அவர். "அதுல தெரியற பூமி உருண்டைப் படத்து மேல நான் அளந்த வரைபடத்த ஏத்துனா, ஊடெல்லாம் ரோட்டு மேல உக்காந்திருக்குது. இன்னிக்குச் சரி பண்ணலீன்னா வேலை போயிரும்."

"எதை வெச்சுங்க அளந்தீங்க?"

"நம்ம ஊட்டுக்குப் பின்னால சர்க்கார் நட்டு வெச்ச சர்வே கல்லை வெச்சுத்தான். எல்லா அளவும் அதுலிருந்துதான் ஆரம்பிக்கோணும்."

அந்தம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, துணி தொவைக்கத் தோதா இருக்கும்னு நான்தானுங்க அதைப் புடுங்கித் தள்ளிப் போட்டேன்."

"அடிப்பாவி, மலையை நகத்துனது நீதானா! பழைய எடம் தெரியுமா?"

"அந்தக் குழியிலதான் மல்லிச்செடி வெச்சிருக்கேன். புடுங்கீரட்டுங்களா?"

"வேண்டாம், நொம்ப ஆசையா வெச்சிருப்ப. செடியிலிருந்தே அளந்துக்கறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.