ஒரே நொடியில் ரெண்டு படகு

— ஜெயசீலண்ணே, நல்லா பாத்துச் சொல்லுங்க. இருபத்தேழாம் நம்பர் ஒண்ணுதான் சிவப்பு. மத்த நாப்பது மீன்பிடி படகும் பச்சை, கர சேந்துடுச்சுன்னு நம்ம சாஃப்ட்வேர் காட்டுது.

— மோகனா, நான் ஸ்க்ரீன்ல பாக்கல, கண்ணால பாக்குறேன். கடலூர் துறைமுகத்துல என் மூஞ்சிக்கு நேரா நிக்குது இருபத்தேழு. பழனிவேலு எஞ்சின ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கிறாரு.

— என்னது? பதினெட்டு மைல் தள்ளி கடல்ல நிக்குதுன்னு காட்டுதே! அதோட தகவலும் நின்னுபோச்சு.

— அட ஆண்டவரே! அந்த ஆளத் தேடித்தான் இந்தப் புயல் காத்துல மீட்புப் படகு போயிருக்கு. கேளு, இங்க இருக்குற மீட்பு ஆபீசர்கிட்ட சொல்லி திரும்ப வரச் சொல்றேன். அவுங்களும் புள்ளகுட்டிக்காரங்க.

— இருங்க, இருங்க. இப்ப சொல்லாதீங்க.

— ஏன்? ஆளு இங்க இருக்காரு, கடல்ல யாரத் தேடறது? நீ சிதம்பரத்துல ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு சொல்ற. இங்க காத்து ஆளையே தள்ளுது.

— அஞ்சே நிமிஷம்ணே.

— போன்ல என்ன குறுக்க பீப் அடிக்குது?

— அம்மா. மூணாவது தடவ. கட் பண்ணிட்டேன்.

— எடுத்துப் பேசேன், பாவம்.

— அப்புறம். காலைல வந்த தகவல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். பத்தாயிரம் தடவைக்கு மூணு தடவ தப்பா வருது. உள்ள என்ன நடக்குதுன்னு ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டச் சொல்லி நடுவுல ஒரு பிரிண்ட் போட்டா, தப்பு ஒண்ணுகூட வரல.

— நாம பாத்தா மட்டும் நல்ல புள்ளயா?

— ஆமா. அப்பவே தெரிஞ்சிடுச்சு, இது த்ரெட் பிரச்சன. த்ரெட்னா ஒரே நேரத்துல தனித்தனியா ஓடற வேல; படகுக்கு ஒண்ணு, ஆனா எல்லாம் ஒரே இடத்துலதான் எழுதுது. ஒண்ணு எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொண்ணு உள்ள வராம ஒரு லாக் இருந்துச்சு.

— இருந்துச்சுன்னா?

— ஸ்க்ரீன் லேட்டா வருதுன்னு போன வாரம் கத்துனீங்கல்ல? நான்தான் எடுத்துட்டேன்.

— ம். நானும்தான் கத்துனேன். இப்ப என்ன ஆச்சு, அதச் சொல்லு.

— ரெண்டு படகு ஒரே நொடியில தகவல் அனுப்புனா, இதோட இடம் அதோட நம்பர்லயும், அதோட இடம் இதோட நம்பர்லயும் போய் ஒட்டிக்கும். அந்தப் பதினெட்டு மைல் பொய் இல்லண்ணே. அங்க நெஜமா ஒரு படகு நிக்குது. அது பழனிவேலு படகு இல்ல, அவ்ளோதான்.

— அப்ப மீட்புப் படகு...

— திரும்பவே கூடாது! சொல்லிட்டீங்களா?

— ஆபீசர் வயர்லெஸ்ஸ கையில எடுத்துட்டாரு... சார்! சார், வேணாம், கூப்புடாதீங்க, கடல்ல ஆள் இருக்கு!... நிறுத்திட்டேன். போயிட்டுதான் இருக்காங்க. கேளு, யாரு படகு அது?

— இருங்க, இருங்க. கடைசித் தகவல் வந்தது பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு. இருபத்தேழு... அதே நொடியில... ஒம்பது.

— ஒம்பதா? இரு, கரையோரமா ஓடிப் பாக்குறேன். ஆறு, பதினாலு, மூணு... இல்ல மோகனா, ஒம்பது இங்க இல்லவே இல்ல. ஸ்க்ரீன்ல பச்சையா இருந்தா, வந்துட்டாங்கன்னு வீட்டுல தேடக்கூட மாட்டாங்களே! யாரு வீடு? விவரம் சொல்லணும்ல?

— பச்சை விழுந்ததும் நான்தாண்ணே போன் பண்ணிச் சொன்னேன், அப்பா வந்துட்டாரு, சோறாக்கி வைம்மான்னு.