மாப்பிள்ளையின் பூட்டன்

ஹென்டர்சனில் இருந்த பெட்டித் தொழிற்சாலையை விட்டு நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. அங்கே எனக்கு இனி வேலை இல்லை. வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் தமையனிடம் சொன்னார்:

"மகள் கட்டப்போற அமெரிக்கப் பெடியன்ர பூட்டன் குதிரை திருடி மறியலில கம்பி எண்ணினவராம், அண்ணை."

"ஆர் சொன்னது?"

"அவையின்ர ஊர் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிக் கேட்டனான். பழைய பதிவெல்லாம் கிண்டி அனுப்பியிருக்கினம். கலியாணம் எண்டால் விசாரிக்க வேணும்தானே. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"எங்கட அப்பு வருசா வருசம் வேலிக் கதியால் தடியளைப் பக்கத்துக் காணிக்குள்ள தள்ளி நட்டவர்."

"அது வேலி."

"குதிரையைத் திருப்பிக் குடுக்கலாம். அந்தக் காணியில உனக்கெல்லோ சீதன வீடு கட்டினது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமையன் விடவில்லை:

"பெடியன்ர தாயும் எங்கட குடும்பத்தை விசாரிக்கப் போறாவாம். எங்க எழுதிறது எண்டு நேற்று என்னட்டப் போனில கேட்டவ."

"யாழ்ப்பாணக் கச்சேரிப் பதிவெல்லாம் சண்டையில எரிஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ."

"எரிஞ்சதோ?"

"எரிஞ்சிருக்கும்."

"அப்ப மகளுக்கு என்ன சொல்லப்போறாய்?"

அம்மா கைப்பையைத் திறந்து மூடினார்.

"தையில கலியாணத்துக்கு நாள் பாப்பம். குதிரையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

மறுநாள் காலை மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்த மேலாளர் என் பூட்டனைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. முதுகு வலி உண்டா என்று மட்டும் கேட்டார்.