மூன்றாம் ஞாயிற்றுத் தடை

— ஐயாயிரம் பேர், பேட்ரிசியா. ஒரு ஆள் குறையாது. நான் பேச எழுந்திரிச்சதும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஊத வேண்டிய சங்கையே நிறுத்தி வெச்சுட்டாங்க, பாத்துக்க.

— ஞாயித்துக்கிழமை ஒர்க்‌ஷாப்புல ஏது மாமா சங்கு?

— அதைத்தான் சொல்றேன். ஊதலை இல்ல?

— மாமா, எனக்கு அடுத்த பெல் அடிக்க இருபது நிமிஷம்தான் இருக்கு. ரெண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, மருமக வேலை பாக்கற ஸ்கூல் வாசல்ல நிக்கிற ஆள் இல்ல நீங்க. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?

— சகாயத்துக்கு ஒண்ணுமில்ல. வீட்டுலதான் கிடக்கான். நீ இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடு, நான் போயிட்டே இருக்கேன்.

— என்ன பேப்பர் இது?

— சிஸ்டருங்க ஒரு இல்லம் திறக்கறாங்கம்மா, வர்ற திங்கக்கிழமை. குடிக்கிறவங்களை மூணு மாசம் உள்ளேயே தங்க வெச்சு வைத்தியம் பாக்கறது. மொத்தம் பத்துக் கட்டில். பெண்டாட்டி கையெழுத்து இல்லாம ஆளைச் சேர்க்க மாட்டாங்களாம். சனிக்கிழமைதோறும் நீயும் போய் அவன் பக்கத்துல உக்காரணுமாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பேப்பர் போகலைன்னா அவன் கட்டில் வேற ஆளுக்குப் போயிடும். நாப்பதாயிரம் பேர் வரிசையில நிக்கிறான்.

— நாப்பதாயிரம்.

— நாலு பேர்னு வெச்சுக்கயேன்.

— எங்க திறக்கறாங்க?

— நம்ம தெருவுலதான். கோயிலுக்குச் சொந்தமான பழைய பங்களா பூட்டிக் கிடந்துச்சே, அதுல.

— அது அங்க வரவே கூடாதுன்னு தெருவே மனு எழுதுச்சாமே. முதல் கையெழுத்து யாருது மாமா?

— வெயிலப் பாரு இந்த ஸ்ரீரங்கத்துல. ஆத்துக்கு நடுவுல இருக்கற ஊருன்னு பேரு. நீ சாப்பிட்டியா?

— மாமா.

— என்னுதுதான். ஆனா அதுக்கு முன்னாடி நடந்த கூத்தைக் கேளு. பங்குச் சாமியார், கல்யாண ஓலை வாசிக்கிற மாதிரியே இதையும் மூணு ஞாயிறு பூசையில வாசிச்சுடறேன்னுட்டார். 'இந்த வீட்டில் குடிநோயாளர் இல்லம் அமைய இருக்கிறது. தடை அறிந்தவர்கள் பூசைக்குப் பிறகு வந்து சொல்லலாம்.' முதல் ஞாயிறே பிடிச்சுக்கிட்டேன். குடிகாரனையெல்லாம் கொண்டாந்து தெருவுல குடி வெச்சா, பொம்பளைப் பிள்ளைங்க குழாயடிக்கு எப்படிப் போகும்னு ஒரே ஒரு கேள்வி. கைதட்டின தட்டுல கூரையிலேருந்து நாலு ஓடு கழண்டு விழுந்துச்சு.

— தெருமுனையில சாராயக்கடை இருக்கே. அதைத் தாண்டித்தானே குழாயடி?

— அது லைசென்ஸ் வாங்கின கடைம்மா.

— எனக்குச் சிரிப்பு வரலை மாமா. என் கல்யாணத்துக்கும் அதே கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. தடை இருந்தா சொல்லச் சொல்லித்தான் வாசிச்சாங்க. அவர் அப்பவே எப்பேர்ப்பட்ட குடின்னு தெருவுக்கே தெரியும். மூணு ஞாயிறும் ஒருத்தர் வாயைத் திறக்கலை. எங்கப்பா நேர்ல வந்து கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— என் மவன் சோடா குடிச்சாக்கூட ஏப்பம் விடமாட்டான்னு சொன்னேன்.

— அந்தச் சோடாவோட ஏழு வருஷம் குடித்தனம் பண்ணினேன். நான் கோவிச்சுக்கிட்டு வந்தப்பல்லாம், நிறுத்திட்டான் நிறுத்திட்டான்னு வந்து கூட்டிட்டுப் போனீங்களே. எத்தனை தடவை?

— மூணு, நாலு தடவை இருக்கும்.

— பதினோரு தடவை. எதையும் கூட்டிச் சொல்ற ஆளு, இதுல மட்டும் குறைச்சுச் சொல்றீங்க.

— சரி, பதினொண்ணு. இப்ப நிறுத்திட்டான்னு சொல்ல வரலைம்மா. நிறுத்தலை. காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துட்டான்.

— இதுதான் நீங்க வந்ததுலேருந்து சொன்ன முதல் நிஜம். மேல சொல்லுங்க.

— மனு எழுதி ரெண்டாவது ஞாயிறு சாமியார் கையில குடுத்தாச்சா. அந்த வியாழக்கிழமை இவன் சாராயக்கடை வாசல்ல விழுந்து கிடந்தான். நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. தைரியராஜ், அவன் தம்பி, இன்னும் ரெண்டு பேர். நாலு பேருமே மனுவுல கையெழுத்துப் போட்டவங்க.

— தைரியராஜ் மாமாவா? உங்க கூட்டாளியா?

— அவனேதான். நான் முன்னால ஓடி வழிகாட்டலாம்னு பார்த்தேன். தேவைப்படலை. எந்த ரூமுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கதவு முழுசாத் திறக்காது, கட்டிலை இந்தப் பக்கம் இழுக்கணும்னு தெரிஞ்சிருக்கு. தைரியராஜ் தம்பி பாட்டுக்குப் போய் கொல்லையிலேருந்து வாளியை எடுத்தாந்து தலைமாட்டுல வெச்சான். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. போகும்போது தைரியராஜ் மட்டும், 'ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்துடு, கடைசித் தடை நீதான் சொல்லணும்'னுட்டுப் போனான்.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— வரேன்னேன். வேற என்னத்தச் சொல்றது. அப்புறம் அந்த வாளியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, மூணாவது ஞாயிறு. பூசை முடிஞ்சு கோயில் ஸ்கூல் ஹால்ல கூட்டம். ஐயாயிரம் பேர்னு சொன்னேனே. தடை உண்டான்னார் சாமியார். எழுந்திரிச்சேன். முன்கூட்டியே கைதட்டிட்டாங்க. ஒரு மணி நேரம் பேசினேன் பாரு, இடி இடிச்ச மாதிரி. என் வீட்டுலயே குடிகாரன் இருக்கான், அவன் இந்தத் தெருவுலதான் பொறந்தான், இந்தத் தெருவுலதான் குடிக்கக் கத்துக்கிட்டான், புதுசா எவனும் வந்து தெருவைக் கெடுக்க வேண்டியதில்லைன்னு போட்டேன் ஒரு போடு. மனுவை வாங்கி என் பேரை நானே அடிச்சேன். கூட்டமே எழுந்து நின்னு அழுதுச்சு. தெருவுல இப்ப என்னைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க.

— அப்படிக் கொண்டாடறவங்க, உங்களை இந்த வெயில்ல தனியாவா பஸ் ஏத்தி விட்டாங்க? கோயிலுக்கும் கடைக்கும் ஒண்ணாவே போற ஆளாச்சே தைரியராஜ் மாமா. அவர் ஏன் வரலை?

— அவனுக்கு முட்டி வலி.

— பேசறாரா உங்ககிட்ட?

— வாய்லயும் வலி.

— லூர்துராணி அக்கா? தினம் குழம்பு குடுத்து விடுவாங்களே, அவங்க?

— இப்ப நானே வெச்சுக்கறேன். நான் வெக்கிற குழம்புக்கு மண்ணச்சநல்லூர் வரைக்கும் பேரு.

— மாமா, நிமிர்ந்து என்னைப் பாருங்க. பாக்கறவங்க எதுக்கெடுத்தாலும் கதை விடற மனுஷன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா நான் இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா, மூணு மாசம் சனிக்கிழமை சனிக்கிழமை அவர் முகத்துல முழிக்கணும். பாப்பாகிட்ட அப்பா எங்க இருக்கார்னு சொல்லணும். உங்க கதையை நம்பி நான் அங்க வந்து உக்கார முடியுமா? ஏன் மாமா எதையும் அளவாச் சொல்ல மாட்டேங்கறீங்க?

— அளவாச் சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கும்மா.

— என்ன சின்னதா இருக்கும்?

— நான் செஞ்சது. உனக்கும் அவனுக்கும் நான் பண்ணி வெச்சதுக்கு முன்னாடி, அன்னிக்கு எழுந்து நின்னது ஒரு கடுகு அளவுகூட இல்ல. அதை அப்படியே கையில எடுத்துக்கிட்டு உன் முன்னாடி வர வெக்கமா இருந்துச்சு. பஸ்ஸுல வரும்போது பெருசாக்கிட்டேன்.

— எத்தனை பேர் இருந்தாங்கன்னு இப்பச் சொல்லுங்க.

— நான் எண்ணலைம்மா. தலை நிமிரலை.

— பெல் அடிக்கப் போகுது. பேனா இருக்கா?

— இருக்கு, இருக்கு. இந்தா. அப்ப நான் சொன்னதை நம்பறியா?

— ஐயாயிரத்தை நம்பலை. முப்பது பேருக்கு மேல இல்லை. ஒரு மணி நேரமும் நீங்க பேசலை. 'என் மவன் குடிக்கிறான், அவனுக்கு ஒரு கட்டில் வேணும்'னு மட்டும் சொன்னீங்க. திரும்பி உக்கார இடம் தேடினீங்க, பெஞ்சுல ஒருத்தரும் நகந்து குடுக்கலை. ஆனா நடந்தது மாமா, நடந்தது. அதே வார்த்தையை அன்னிக்கு நானே சொல்லிடணும்னு கிளம்பி வந்து, ஹால் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க.