கருப்பம்மாளின் நாடி

மாலை ஏழேகால். சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்து மண்சாலை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்...

நம் தோழி ஐவியின் சித்திக்கு நடந்தது இது. பெயர் பெர்னடெட். கிளினிக்கில் தாதி. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற வேலை.

அன்று அவருக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. காரில் பக்கத்தில் அஃப்ரீன், ஈப்போவிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவி. கல்லூரி ஆளை அனுப்பிவிடும். சொல்லிக்கொடுக்க நேரம் யார் தருவார்? போக வேண்டிய வீடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அஃப்ரீனுக்கோ எதைத் தொட்டாலும் கை நடுங்கியது. அவள் போட்ட கட்டுகளையெல்லாம் பெர்னடெட் அவிழ்த்து மறுபடி போட்டார். அதனால்தான் இவ்வளவு நேரம். நாளை அவளுக்கு மதிப்பெண் போட வேண்டும். ஃபெயில் என்று மனத்துக்குள் முடிவே செய்துவிட்டார்.

கடைசி வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த, பாழடைந்த லயத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் ஆள். கருப்பம்மாள். இனிப்புநீர் நோய், காலில் ஆறாத புண்.

உள்ளே நுழைந்ததும் உறைந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம்... ரப்பரே இல்லாத இடத்தில். கிழவி கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க மிஸ்ஸி. இன்னிக்கு லேட்டு."

"புள்ள ஒன்னு கூட வருதுல்ல பாட்டி, அதான்." பெர்னடெட் குனிந்து தானே மருந்து கட்டினார். பிறகு அஃப்ரீனிடம், "நீ நாடி பாரு. அதையாவது செய்," என்றார்.

அஃப்ரீன் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள்...

"கிடைக்கல அக்கா."

"மூனாவது வருஷம் லா நீ! நாடி கூடவா பார்க்கத் தெரியாது? தள்ளு."

பெர்னடெட் பிடித்தார். தோல் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. துடிப்பு இல்லை. மறு கை... இல்லை. கழுத்து... இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெளியே எங்கோ 'டப்' என்று ரப்பர்க் கொட்டை வெடித்தது. ஒரு ரப்பர் மரம்கூட இல்லாத தோட்டத்தில்.

கிழவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

"உங்க கை நல்லா சூடா இருக்கு மிஸ்ஸி..."

விடவில்லை. பெர்னடெட் கையை இழுத்துப் பார்த்தார். அஃப்ரீன்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவரை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள். நாள் முழுக்க நடுங்கிய கை அப்போது நடுங்கவில்லை.

காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டினார்கள். பெர்னடெட்டால் சாவியைத் திருப்ப முடியவில்லை.

"அக்கா, உங்க கை ஜில்லுனு இருக்கு." அஃப்ரீன் அவர் நாடியைப் பார்த்தாள். விரலை நகர்த்தினாள். வெகு நேரம் பார்த்தாள்...

"எனக்குத்தான் பார்க்கத் தெரியல. இல்லக்கா?"

பெர்னடெட் தன் கையைத் தானே தொட்டுப் பார்க்கவும் துணியவில்லை.

மறுநாள் தன்னோடு வேலை செய்யும் கலாதேவியை அந்த வீட்டுக்கு அனுப்பினார். மதியம் ஃபோன் வந்தது.

"பாட்டி நல்லா தெம்பா இருக்கு லா. நாடி வயசுப் பொண்ணு மாதிரி ஓடுது. இதுக்கா பயந்த?" கலாதேவி சிரித்தார். "ஒன்னு சொல்லச் சொல்லுச்சு. அடுத்த தடவ அந்தச் சின்னப் புள்ளையக் கண்டிப்பா கூட்டிட்டு வரணுமாம்."